இசக்கிச்செல்வியின் எடை

இசக்கிச்செல்வி முடைந்த நார்ப்பெட்டியில் எதை வைத்துத் தூக்கினாலும் எடை இருக்காது. ஆடி மாதம் பிச்சிப்பூ விலை ஏறும் என்பது எப்படியோ அப்படித்தான் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு இதுவும் தெரிந்த விஷயம். வாய் நிறைய மல்லிப்பூவோடு அந்தப் பெட்டியை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் சுழிதான் காட்டும். அதனால் வியாபாரிகள் பூவைப் பிளாஸ்டிக் தட்டில் கொட்டி நிறுத்துவிட்டு, சுமப்பதற்கு மட்டும் மறுபடி பெட்டிக்கு மாற்றிக்கொள்வார்கள். கூடுதல் வேலைதான், கழுத்துக்கு நல்லது என்று பழகிக்கொண்டார்கள். குறைந்த எடை எங்கே போகிறது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சும்மா கிடைக்கிற ஒன்று யார் உடம்பிலிருந்து கிடைக்கிறது என்று கேட்கும் பழக்கம் எந்தச் சந்தையிலும் இருந்ததில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் வலது கைப்பக்கம் ஒரு தெரு முழுக்கப் பெட்டி முடைகிறவர்கள். பனை மட்டையிலிருந்து கிழித்த நாரும் வார்ந்த ஓலையும் நடுரோட்டில் காயும். பைக்கில் வருகிறவர்கள் ஒதுங்கித்தான் போவார்கள். அந்தத் தெருவில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. கருப்பட்டிக் கடைக்கு ஓலைப்பெட்டி, கல்யாண மண்டபத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் பெட்டி, பூச்சந்தைக்கு ஆள் உட்காரும் அளவு நார்ப்பெட்டி என்று வாட்ஸப்பில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். இசக்கிச்செல்வி தன் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள், பி.காம். வங்கித் தேர்வு எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள், ஒரு நாள் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அம்மா சுந்தரம்மாளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவைவிட வேகமாக முடைந்தாள். படித்த பிள்ளை நார் கிழிக்கிறதே என்று உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: “படிச்ச கை பட்டா நாரு அழுகிருமா?” உச்சுக்கொட்டினவர்கள் அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியே வராமல் சுற்றிப் போனார்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருத்தர் இரட்டை முடிச்சுப் போடுவார், இன்னொருத்தர் பச்சை நார் ஒன்றை ஓடவிடுவார். சுந்தரம்மாளுடையது கருப்புச் சாயமேற்றிய ஒரு பின்னல். எதுவானாலும் அதைப் பெட்டியின் அடியில்தான் வைக்க வேண்டும், மேலே பாரம் வந்து உட்கார்ந்து மூடிக்கொள்ள வேண்டும். பெட்டியின் வாயில், எல்லார் கண்ணிலும் படும்படி, அடையாளம் வைப்பது அந்தத் தெருவின் வழக்கமே இல்லை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. கேழ்வரகு மாவைக் கொட்டினாலும் சிந்தாத அளவு நெருக்கமாக இசக்கிச்செல்வி முடைந்த பெட்டி ஒன்று திருநெல்வேலியில் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. வாங்கிக்கொண்டது பெட்டியைக் கொள்முதல் செய்த வியாபாரியின் மனைவி. அந்தம்மா அதை மார்போடு அணைத்துச் சிரிக்கிற படம் பேப்பரில் வந்தது. கவிழ்த்துப் பார்த்திருந்தால் யாருடையது என்று தெரிந்திருக்கும். பரிசு கொடுக்கிற இடங்களில் யாரும் எதையும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு இசக்கிச்செல்வி தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். முடைந்துகொண்டிருந்த பெட்டிக்கு வாய் கட்டும்போது நாரோடு நாராக அதையும் சுற்றிக் கட்டினாள்.

“ஏட்டி, சோத்துல முடி கெடந்தாலே எலைய விட்டு எந்திரிச்சிருவான். இதப் போயி வாயில வச்சுக் கட்டுதியே?” என்றாள் சுந்தரம்மாள்.

“தெரியட்டும். இனிமே எவளும் என் பெட்டியக் கட்டிப்புடிச்சுப் போட்டோ எடுக்கக் கூடாது.”

அந்தப் பெட்டியை வாங்கியவள் பெனிட்டா. ஏலம் முடிந்த பூவைத் தலையில் சுமந்து பஸ் ஸ்டாண்டில் கடையநல்லூர் வண்டியில் ஏற்றிவிடுவது அவள் வேலை. கேந்திப்பூவை அமுக்கி நிறைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினவள், பாதி வழியில் சந்தேகம் வந்து இறக்கிப் பார்த்தாள். பூ இருந்தது. தூக்கினாள், பூ இல்லாத மாதிரி இருந்தது. “ஏசப்பா, எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சோ” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அன்று பஸ் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே போய் நின்றதால் டீ குடிக்க நேரம் கிடைத்தது. வேலைநாளில் அவள் குடித்த முதல் டீ அது. அந்த வாரமே சுமை தூக்கும் பெண்கள் அத்தனை பேரும் ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அவர்களுடைய கழுத்துகள் நிமிர்ந்து, பிறந்தபோது இருந்த நீளத்துக்குத் திரும்பின. கைவீசி நடந்தார்கள். தலையில் மூட்டைப் பூவோடு ஃபோனில் ரீல்ஸ் பார்த்தபடி ரோட்டைக் கடந்தார்கள். பெண்களைப் பார்த்து வியாபாரிகளும் வாங்கினார்கள். சந்தையின் பெரிய கமிஷன் கடைக்காரர் துரைப்பாண்டி அண்ணாச்சி வாங்கிய பெட்டிகளை அடுக்கினால் கூரையைத் தொடும். பத்துப் பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஆள் தூக்கலாம் என்று கண்டதும், மற்ற ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார். கரிவலம் ரோட்டில் அவர் கட்டிக்கொண்டிருந்த மாடிக்குச் செங்கலும் அதே பெட்டிகளில் ஏறியது.

இசக்கிச்செல்விக்கு முதலில் கட்டில் கயிறு அறுந்தது. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் சிமெண்டுத் தரையில் அவள் உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு விரிசல். ஆள் என்னவோ அதே ஒல்லிதான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடு என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஷேர் ஆட்டோவின் பின்சக்கரங்கள் இரண்டும் அமுங்கின. டிரைவர் ரசூல் இறங்கிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, உன் தப்பு ஒண்ணுமில்ல, டயர் பழசு” என்று நாசூக்காகச் சொன்னான். பூ ஏலம் நடக்கும் காலை வேளைகளில் அவளால் எழுந்து நிற்கவே முடியாது. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் நடமாடலாம். ஆடித்தபசுத் திருவிழா அன்று, ஊரெல்லாம் பூவாக இருந்த நேரத்தில், கணுக்கால் வரை தரைக்குள் இறங்கிவிட்டாள். சுந்தரம்மாள் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, கடப்பாரையால் நெம்பி எடுத்தாள். வலி என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினால் ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு குணம் இருப்பது தெரிந்தது. மல்லிப்பூவின் கனம் ஈரத்துணி மாதிரி குளிர்ச்சியாகத் தோளில் படரும். வெங்காயம் முட்டி முட்டி உருளும். செங்கல் மட்டும் விளிம்போடு வந்து முதுகில் உட்காரும்.

ஒரு மத்தியானம் அவள் மடியில் யாரோ ஏறிப் படுத்தார்கள். பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் வெதுவெதுப்பாக ஒரு கனம் இருந்தது. அது இடது பக்கம் புரண்டது, ஓர் உதை விட்டது, பிறகு தூங்கிப்போனது. எழுப்பிவிடக் கூடாதே என்று இசக்கிச்செல்வி அசையாமல் நார் பின்னினாள். சாயங்காலம் வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்த பெனிட்டாவிடம் கேட்டாள்.

“ஏளா பெனி, இன்னைக்கு மத்தியானம் மகளப் பெட்டிக்குள்ள படுக்கப் போட்டியா?”

“ஆமா, அந்த வெயில்ல வேற எங்கன போட? நீ எங்கன இருந்து பாத்த?”

“பாக்கல. எடது பக்கமாப் பொரண்டு ஒரு மிதி மிதிச்சா. அப்புறம் அசையல.”

பெனிட்டா விரிசல் விட்ட தரையைப் பார்த்தாள், இவளுடைய முழங்காலைப் பார்த்தாள். மெதுவாகத் தலையிலிருந்த பெட்டியை இறக்கி முன்னால் வைத்தாள். “இந்தா, நீயே வச்சுக்கோ. எனக்குச் சும்மாடே போதும்.”

“எடுத்துட்டுப் போட்டி. உன் பாரமா என்னைய அமுக்குது? எவனோ கல்லு ஏத்துதான். அவன் யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

யார் என்று பெனிட்டா சொன்னாள். சொன்னதும் எழுந்துபோய்ச் சட்டையைப் பிடிக்க இசக்கிச்செல்வியால் முடியவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் கரிவலம் ரோட்டில் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ப்ரியதர்ஷினி வந்தாள். கோயிலுக்கு வந்தவள், பெனிட்டாவின் தலையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்து ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தாள். கலைப்பொருள்களுக்கு ஒரு கூடம் நடத்துகிறவள். பெட்டியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகக் கவிழ்த்துப் பார்த்தாள், பிறகு விளிம்பில் விரல் ஓட்டி முடியைக் கண்டுபிடித்தாள். “இது உங்க கையெழுத்தா?” என்று கேட்டாள். அப்படி ஒருவர் கேட்டு இசக்கிச்செல்வி அதுவரை கேட்டதில்லை. போட்டோ எடுக்க வந்த இன்னொருத்தி என்று நினைத்துத் திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். ஒரு பெட்டி சென்னைக்குப் போனது. வெள்ளைச் சுவருக்கு முன்னால், கண்ணாடிக் கூண்டுக்குள், மேலிருந்து விளக்கு விழ, வெறுமையாக அது உட்கார்ந்திருக்கும் படம் ஃபோனில் வந்தது. கீழே, இசக்கிச்செல்வி, சங்கரன்கோவில் என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெயரை மட்டும் பார்த்தாள். அப்போது உடம்பிலிருந்து ஒரு கூடைக் கல்லை யாரோ இறக்கினது போல் இருந்தது. சந்தோஷம் என்று நினைத்தாள். சந்தோஷம்தான், ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கவும் முடிந்தது. வெறும் பெட்டியின் முன்னால் மனிதர்கள் நின்று பார்க்கப் பார்க்க அவளுடைய எடை குறைந்துகொண்டே வந்தது.

கூண்டுக்கென்றே அவள் சில பெட்டிகள் முடைந்தாள். குருத்தோலையை விரல் நகத்தால் சீவிச் சீவி, வெளிச்சம் ஊடுருவும் அளவு மெலிதாக்கி, மாதக்கணக்கில் ஒன்று. அதில் ஒரு கொத்துப் பூ வைத்தாலும் கிழிந்துவிடும். மழை சாய்வாகப் பெய்வதை நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பின்னலின் போக்கு பிடிபடும். சுந்தரம்மாள் ஒன்றைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, “எதுக்கும் ஒதவாது, ஆனா கீழ வைக்க மனசு வரல” என்றாள். அம்மா வாயிலிருந்து இதற்குமேல் பாராட்டு வராது என்று மகளுக்குத் தெரியும்.

ப்ரியதர்ஷினிக்கு ஆசை கூடியது. முடி வைத்துக் கட்டிய பெட்டிகளில் ஒன்று பாக்கியில்லாமல் தனக்கு வேண்டும், இவற்றைப் போய் வெங்காயத்துக்கும் பூவுக்கும் போட்டு நைய விடுவது பாவம் என்று சொல்லி, வாங்கிவர ஆள் அனுப்பினாள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாள். வந்த ஆள் சுலபமாக வாங்கக் கூடியவர்களிடம் வாங்கினான். சுமை தூக்கும் பெண்கள் பெட்டிக்குக் கொடுத்த விலையைவிடப் பல மடங்கு தந்து, கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிரேட்டும் கொடுத்தான். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது, கொடுக்காமல் என்ன செய்வார்கள்? சின்ன வியாபாரிகளும் கொடுத்துவிட்டார்கள். துரைப்பாண்டி அண்ணாச்சி மட்டும், தங்கம் கொடுத்தாலும் தரமாட்டேன் என்று ஆளை விரட்டிவிட்டார். பெண்களின் பெட்டிகள் சென்னை போய்ச் சேர்ந்து கூண்டுக்குள் ஏறிய காலையில், அண்ணாச்சியின் பெட்டிகள் இன்னும் நிறையாத நேரத்தில், இசக்கிச்செல்வி உட்கார்ந்த வாக்கில் மேலே போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் தலை இடித்துக்கொண்டாள்.

சுந்தரம்மாள் அலறவில்லை. நார்க்கயிற்றை எடுத்து மகளின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். வாசலுக்கு வெளியே விட்டதும் இசக்கிச்செல்வி வேப்பமரத்துக்கு மேலே எழுந்து நின்றாள். அங்கே காற்று மெதுவாக இருந்தது. தண்டவாளம் ஈரம் காயாத இரண்டு நார் மாதிரி மினுங்கிக்கொண்டு தெற்கே போனது. கோபுரத்துப் புறாக்கள் அவளைச் சுற்றி வந்து, இன்னொரு புறா என்று முடிவுசெய்து கலைந்தன. இப்படியே இருந்துவிடலாம், யாருக்கு என்ன, என்றுகூட நினைத்தாள். இத்தனை வருடம் அமுங்கிக் கிடந்தவளுக்கு அப்படித் தோன்றியதில் தப்பில்லை. அப்போதுதான் கீழே பூச்சந்தை தெரிந்தது. பெனிட்டா தலையில் பிளாஸ்டிக் கிரேட்டோடு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கழுத்து தோளுக்குள் புதைய நடந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்திலேயே துரைப்பாண்டி அண்ணாச்சியின் ஆள் பத்துப் பெட்டி அடுக்கைத் தலையில் வைத்து, பல் குத்திக்கொண்டே போனான். அடுக்கு ஏறிய அந்த நொடியில் இசக்கிச்செல்வி ஒரு பனை உயரம் கீழே இறங்கினாள். பெண்களின் பெட்டிகள் தன்னை மேலே இழுக்கின்றன, அண்ணாச்சியின் பெட்டிகள் கீழே இழுக்கின்றன என்று புரிந்ததும், அவளுக்கு வந்த கோபத்தில் கயிறு விறைத்து நின்றது.

“அம்மா, சந்தைக்கு இழு. ஓலை வாருற கத்திய எடுத்துக்கோ. நார்க்கட்டும் கொண்டா.”

“கரண்டுக் கம்பியப் பாத்து வாட்டி” என்று சொல்லிக்கொண்டே சுந்தரம்மாள் நடந்தாள். கேட் மூடியிருந்ததால் கொஞ்ச நேரம் நின்றார்கள். ரயில் போனது, ஜன்னலோரக் குழந்தைகள் மேலே பார்த்துக் கையசைத்தார்கள்.

துரைப்பாண்டி அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். கூரை உயரத்தில் ஒரு பெண் வந்து நின்றதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை. அவருடைய கவலை வேறு.

“ஆளுககிட்ட பெட்டிய இறக்கி வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. முடிய எடுக்கணும்.”

“என்னட்டி பேசுத? துட்டு குடுத்து வாங்குன பெட்டி.”

“பெட்டி உங்களுது, வச்சுக்கோங்க. முடி என்னுது.”

சந்தையில் சிரிப்பு எழுந்தது. “சரியாத்தானவே சொல்லுதா” என்று எதிர்க்கடைக்காரரே சொன்னார். “ஒரு முடிக்கு இம்புட்டு ஆங்காரமா?” என்றார் அண்ணாச்சி. “அந்த ஒரு முடிய நம்பித்தான நாலு பேரு சோத்துல மண்ணப் போட்டியோ” என்றாள் அவள். அதற்குள் பெனிட்டாவும் மற்றப் பெண்களும் பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்துவிட்டார்கள். இசக்கிச்செல்வி குனிந்து ஒவ்வொரு வாயாக அறுத்து முடியை உருவினாள். ஒன்றை உருவியதும் அந்தப் பெட்டி பூவின் கனத்தோடு தரையில் ‘தொம்’ என்று உட்காரும், அவள் ஒரு முழம் மேலே போவாள். செங்கல் பெட்டிகளையும் வண்டி வைத்துக் கொண்டுவந்தார்கள். பாதிக்குமேல் அவளுக்குக் கை எட்டவில்லை. பந்தல் கம்பின் நுனியில் பெட்டியை மாட்டி நீட்டினார்கள். சுந்தரம்மாளால் தனியாகக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை, பெனிட்டா வந்து சேர்ந்து பிடித்தாள்.

“போதும் மக்கா, இன்னும் ரெண்ட விட்டாத்தான் என்ன? நீ போயிருவட்டி!” என்று அம்மா கீழிருந்து கத்தினாள்.

“அந்த ரெண்டும் அவரு முதுகுல ஏறணும்மா.”

கடைசிப் பெட்டியையும் அறுத்தாள். கயிறு முழுநீளமும் ஓடி, இருவர் கையையும் அறுத்துக்கொண்டு நின்றது. இனி அவளைக் கீழே பிடித்து வைக்க ஊரில் ஒரு பெட்டிகூட இல்லை. இறங்குவது எப்படி என்று அவள் யோசித்திருக்கவும் இல்லை. கோபுரத்தின் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு, மல்லி வாசம் மேலே வர வர, கீழே நின்ற பெண்களை எண்ணினாள். பிறகு நார்க்கட்டைக் கயிற்றில் கட்டி அனுப்பச் சொன்னாள்.

அங்கேயே முடைந்தாள். அடி போடும்போது காலால் மிதித்துப் பிடிக்கத் தரை வேண்டும், அங்கே தரை இல்லை. ஓர் உள்ளங்காலை மற்றதோடு சேர்த்து, இடையில் நாரை இடுக்கிக்கொண்டாள். காற்றில் நார் சீக்கிரம் காய்ந்தது, நாக்கால் நனைத்து நனைத்துப் பின்னினாள். வாய் கட்டும்போது தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வைத்துக் கட்டினாள். முதல் பெட்டி சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல், ஓர் இறகு விழுகிற மாதிரி இறங்கியது. பெனிட்டா அதைப் பிடித்துப் பூவை நிறைத்துத் தலையில் வைத்தாள். வைத்ததும் இசக்கிச்செல்வி ஒரு கை நீளம் இறங்கினாள். அடுத்தது இன்னொருத்திக்கு. பெண்கள் கீழே முகத்தை அண்ணாந்து கையை விரித்து நின்றார்கள். விழுகிற பெட்டியை வாங்கி நிறைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள், ஒவ்வொரு நடைக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்தாள். சந்தை அன்று வெகுநேரம் கலையவில்லை. துரைப்பாண்டி அண்ணாச்சி நிறுத்திய ஆட்களுக்கு ஃபோன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது இறக்கம் நின்றது. சென்னையில் கூண்டுக்குள் இருந்தவை பிடித்திருந்த பிடி அது. அவற்றையும் திருப்பி வாங்கிவிடலாம் என்றாள் சுந்தரம்மாள். “வேண்டாம்மா. அதுவும் நான் முடைஞ்சதுதான், அங்கன என் பேரு இருக்கு” என்றாள் மகள். சந்தையில் இருப்பவை இனிச் சந்தைக்கே என்று ப்ரியதர்ஷினிக்குச் செய்தி அனுப்பினாள். ப்ரியதர்ஷினி இரண்டு நாள் வருத்தப்பட்டாள், மூன்றாம் நாள், மழை மாதிரியான பெட்டி இன்னொன்று எப்போது வரும் என்று கேட்டாள்.

இப்போது அந்தத் தெருவில் பெட்டி வாங்கப் போகிறவர்களிடம் இசக்கிச்செல்வி ஒரு கேள்விதான் கேட்கிறாள்: “யாரு தூக்குவா?” பதிலைப் பொறுத்து முடி வைத்தும் கட்டுவாள், வைக்காமலும் கட்டுவாள். பொய் சொல்லி வாங்கிப்போனவர்களும் உண்டு. பாரம் ஏறியதும் அவளுக்குத் தெரிந்துவிடும், கத்தியோடு போய் நிற்பாள். புதுப் பெட்டிகள் கூடக் கூட, ஏலம் நடக்கும் காலையில் மறுபடி தரையில் அமுங்கினாள், பெட்டிகள் காலியானதும் ஒரு சாண் எழும்பினாள். மகள் உட்காரும் இடத்து விரிசலைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரம்மாள், ஒரு நாள் தன் நரைமுடி ஒன்றையும் பிடுங்கி மகளின் முடியோடு சேர்த்துக் கட்டினாள். அன்றிலிருந்து பாரம் இரண்டாகப் பிரிந்தது. பிறகு எதிர்வீட்டுக்காரி ஒன்று வைத்தாள், அவள் நாத்தனார் ஒன்று வைத்தாள். காலையில் பூ ஏலம் உச்சத்தில் இருக்கும்போது அந்தத் தெருவில் பெண்கள் எல்லோரும் கொஞ்சம் பொறுத்துத்தான் எழுந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் ரயில்வே கேட்டில் காரை நிறுத்திவிட்டு டீக்கடையில் நின்றிருந்தார். ஓலைக்கட்டை இடுப்பில் இடுக்கிய ஒரு பெண், தரையில் கால் படாமல், ஒரு சாண் உயரத்தில் தண்டவாளத்தைக் கடந்து போனாள். அவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தார்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலை ஆற்றினார். “ஒண்ணுமில்ல சார்,” என்றார். “பூ எல்லாம் வித்துப்போச்சு.”